நடுவராகப் போகும் மகளுக்கு

கும்பகோணம்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். ஒட்டுத்துணிப் போர்வைப் போட்டிக்கு, அதுதான் நீங்கள் சொல்லும் குயில்ட் போட்டிக்கு, உன்னை நடுவராக அழைத்திருக்கிறார்கள் என்று படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. எனக்குப் பிடிக்காத நிறத்தில் ஒருத்தி அற்புதமாகத் தைத்திருந்தால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறாய்.

முதலில் தையலைப் பார். கைத்தையலில் அங்குலத்துக்கு 8 முதல் 12 தையல் விழுந்தால் நேர்த்தி என்கிறீர்கள். நானாக இருந்தால், எண்ணிக்கையைவிட எல்லாம் ஒரே அளவா என்றுதான் பார்ப்பேன். புரட்டிப் பின்பக்கத்தையும் பார். ஓரப்பட்டைக்குள் பஞ்சு விளிம்புவரை நிறைந்திருக்கிறதா என்று விரலால் தடவியே சொல்லிவிடலாம். முக்கோணத் துண்டின் கூர்முனை தையலுக்குள் போய் மழுங்கியிருக்கிறதா என்று கண்ணாலேயே தெரிந்துவிடும். இதில் உன் விருப்பத்துக்கு வேலையே இல்லை.

நிறத்துக்கு வருகிறேன். உன் தாத்தா தேருக்குத் தொம்பை, அதாவது தேரைச் சுற்றித் தொங்கவிடும் குழல் வடிவத் துணி அலங்காரம், தைத்தவர். கருஞ்சிவப்பின்மேல் மஞ்சள் யாளி, வெள்ளை அன்னம், பச்சைக் கிளி. கூடத்தில் விரித்தால் கண்ணைக் குத்தும். திருவாரூரில் 96 அடி ஆழித்தேரை வெயிலில் அண்ணாந்து பார்க்கிறவனுக்கு அந்த நிறம்தான் எட்டும். ஆகவே பிடிக்கவில்லை என்று தோன்றியதும் பத்தடி பின்னால் போய் நின்று இன்னொரு முறை பார்.

நம் தெரு மார்கழிக் கோலப் போட்டியை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது. கலர்ப்பொடி மயிலுக்கு முதல் பரிசு. ஒரே இழையாக ஓடி, தொடங்கிய புள்ளியிலேயே வந்து கூடிய சிக்குக் கோலத்தை நடுவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "என் கோலத்தில் என்ன குறை?" என்று அந்தப் பெண் கேட்டாள். அவரிடம் பதில் இல்லை. மயிலையும் சிக்கையும் ஒரே வரிசையில் வைத்ததே தவறு. கைத்தையலையும் மிஷின் தையலையும் தனித்தனியாக வைக்கச் சொல்லி நீ முன்கூட்டியே கேள்.

வேலையில் இரண்டும் சமமாக நின்றால் உன் மனம் சாய்கிற பக்கம் கொடு, தயங்காதே. தோற்றவளுக்கு "நிறம் சரியில்லை" என்று மட்டும் எழுதிவிடாதே. "பின்னணியின் அடர்நிறம் நடுப்பூவை விழுங்குகிறது" என்று எழுதினால் அடுத்த முறை அவளுக்கு உதவும்.

பெயரை மறைத்துத்தான் வைப்பார்கள் என்றாலும் உன் தோழிகளின் கைவேலை உனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிடும். அவர்களில் யாராவது சேர்ந்திருந்தால் அந்தப் பிரிவுக்கு வேறு நடுவரைப் போடச் சொல்லிவிடு. முடிவு வந்ததும் எழுது.

அன்புடன்,
அம்மா