ரவுத்தவாராவைக் கேட்கக் கற்றுக்கொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள எல்லாருக்கும்,

பின்லாந்துப் பாடகர் தாப்பியோ ரவுத்தவாரா பற்றிய என் நீண்ட கட்டுரை ஒருவழியாக முடிந்துவிட்டது. உங்கள் உதவி இல்லாமல் அதில் பாதிகூட எழுதியிருக்க முடியாது.

முதலில் ஹெல்சிங்கி நூலகத்தில் இசைப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் அம்மையாருக்கு. கேட்ட பாட்டோடு நிற்காமல், அதற்கு முன்னும் பின்னும் வந்த பதிவுகளையும் தேடி எடுத்துக் கொடுத்தார். ரெய்னோ ஹெலிஸ்மா எழுதிய வரிகள் ரவுத்தவாராவின் கனத்த குரலில் எவ்வளவு இயல்பாகப் பொருந்துகின்றன என்பது அப்படி வரிசையாகக் கேட்டதில்தான் புரிந்தது. 1949இல் வந்த 'ரெய்சுமியெஸ் யா கிஸ்ஸா', ஒரு நாடோடியும் ஒரு பூனையும் வரும் பாட்டு. அதில் அவர் எதையும் அழுத்திப் பாடுவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்வது போல இருக்கும்.

ஈட்டி எறிதல் பயிற்சியாளராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவருக்கு என் தனி வணக்கம். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் 69.77 மீட்டர் எறிந்து ரவுத்தவாரா தங்கம் வென்றது எனக்கும் தெரிந்த செய்திதான். ஆனால் 1958இல் வில்வித்தையில் உலக சாம்பியனான அணியிலும் அவர் இருந்தாரே, அது எவ்வளவு பெரிய விஷயம் என்று இவர் சொல்லித்தான் உறைத்தது. ஈட்டிக்கு ஓட்டமும் வீச்சும் வேண்டும், வில்லுக்கு உடம்பு அசையாமல் நிற்க வேண்டும். இரண்டும் ஒரே ஆளுக்குக் கைவந்திருக்கின்றன. பாடும்போது அவரிடம் தெரிகிற நிதானத்துக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது என்றே நான் நம்புகிறேன்.

அப்புறம், எங்கள் குடியிருப்பின் மூத்த பெண்மணி. ஹெலிஸ்மா, நகைச்சுவைக் கலைஞர் எசா பக்காரினன், ரவுத்தவாரா மூவரும் ஊர் ஊராகப் போய் நிகழ்ச்சி நடத்திய 1950களைத் தன் சிறுவயது நினைவிலிருந்து மணிக்கணக்காகச் சொன்னார். ஹெல்சிங்கியின் ஓவுலுன்குலா பகுதியில் வளர்ந்த தொழிலாளர் வீட்டுப் பையனான ரவுத்தவாராவைத் தங்களில் ஒருவனாகவே மக்கள் பார்த்தார்கள் என்று அவர் சொன்னதைத்தான் கட்டுரையின் நடுநாயகமாக வைத்திருக்கிறேன். அம்மா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை.

1979இல் நீச்சல் கூடத்தில் வழுக்கி விழுந்து ரவுத்தவாரா இறந்த பகுதியைச் சுருக்கச் சொன்ன நண்பர்களுக்கும் நன்றி. நீங்கள் சொன்னதே சரி, அந்தப் பக்கங்கள் இன்னும் நிறைய பாட்டுகளுக்குப் போயின.

எந்தப் பாட்டிலிருந்து தொடங்கலாம் என்று பலர் கேட்டிருந்தீர்கள். அவரே எழுதி இசையமைத்த 'இசோய்சன் ஒல்கிஹாத்து', தாத்தாவின் வைக்கோல் தொப்பி பற்றியது, அதை முதலில் கேளுங்கள். பூனைப் பாட்டு அடுத்தது.

அன்புடன்,
கட்டுரையை எழுதியவன்