ஜோதி, உன் 34ஆவது காட்சி

அன்புள்ள ஜோதி,

நீ திரைக்கதையை அனுப்பி இரண்டு மாதம் ஆகிறது. வந்த அன்று ராத்திரியே உட்கார்ந்து படித்துவிட்டேன். பதில்தான் போடவில்லை. இரவுப் பணி, அத்தைக்குக் கண் ஆபரேஷன், சின்னவனுக்குப் பரீட்சை, எல்லாம் உண்மைதான். ஆனால் அவை காரணமில்லை. உன் 34ஆவது காட்சியைப் பற்றி என்ன எழுதுவது என்று தெரியாமல் தள்ளிப்போட்டேன். கோபப்பட்டிருந்தால் மன்னித்துவிடு.

வீட்டில் எல்லோரும் சௌக்கியம். வாசுகி டீச்சர் ரிட்டயர் ஆகிவிட்டார். கடைவீதியில் பார்த்தேன், "உன் கூட்டாளி வேப்பமரத்தை விட்டு இறங்கிட்டாளா?" என்று கேட்டார். இறங்கிவிட்டாள், சீக்கிரம் டைரக்டர் ஆகப்போகிறாள் என்று சொன்னேன். அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறரை மணி இருக்கும். அவசரப் பிரிவில் நான்தான் இருந்தேன். ஒரு பையனை பைக்கில் நடுவில் உட்காரவைத்துத் தாங்கிப்பிடித்துக் கொண்டுவந்தார்கள். 19 வயது. தண்ணீர் பாய்ச்சப் போனவன் வரப்பில் கால் வைத்திருக்கிறான், கண்ணாடி விரியன். முழங்காலுக்குக் கீழே துண்டைக் கட்டி, நடுவில் குச்சியைச் சொருகி முறுக்கியிருந்தார்கள். பாதம் வீங்கி நீலம் பாரித்துவிட்டது. கடித்த இடத்தில் பிளேடால் பெருக்கல் குறி மாதிரி இரண்டு கீறல். அதிலிருந்து ரத்தம் வடிந்துகொண்டே இருக்கிறது, நிற்கவில்லை.

கூட வந்தவன் அவனுடைய சித்தி மகன், பத்தாவது படிக்கிறான். அவன் உதடெல்லாம் ரத்தம், பள்ளிக்கூடச் சட்டையிலும் ரத்தம். என்னைப் பார்த்ததும், "உறிஞ்சித் துப்பிட்டேன் சிஸ்டர், உள்ள விஷம் இருக்காது" என்றான். இதெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். "படத்துல அப்படித்தானே பண்ணுவாங்க?"

ஜோதி, எனக்கு அந்த நிமிடம் உன் 34ஆவது காட்சிதான் ஞாபகம் வந்தது. கதாநாயகிக்குப் பாம்பு கடிக்கிறது. அவன் சட்டையைக் கிழித்துக் கட்டுகிறான், கத்தியால் கீறுகிறான், வாயால் உறிஞ்சித் துப்புகிறான், அவள் கண் திறக்கிறாள், பாட்டு. இதையேதான் அந்தப் பையனும் ஒன்று விடாமல் செய்திருக்கிறான். கண் திறந்து பாட்டு வருவது மட்டும்தான் இல்லை.

உறிஞ்சினால் விஷம் வராது. பல் இறங்கிய கொஞ்ச நேரத்திலேயே அது திசுவுக்குள் போய்விடுகிறது, துப்புகிறவன் துப்புவது வெறும் ரத்தத்தைத்தான். அதிலும் கண்ணாடி விரியன் விஷம் ரத்தத்தை உறையவிடாது. அப்படிப்பட்ட உடம்பில் பிளேடு வைத்தால் அந்தக் காயம் எப்படி மூடும்? இறுக்கிக் கட்டினால் விஷம் அங்கேயே தேங்கி, கட்டுக்குக் கீழே இருக்கிற சதை செத்துப்போகும். வந்ததும் கட்டை அவிழ்த்துவிடவும் முடியாது. சட்டென்று அவிழ்த்தால் மொத்தமும் ஒரேயடியாக மேலே ஏறும். டாக்டர் வந்து, மருந்து ஏற்ற ஆரம்பித்த பிறகுதான் மெதுவாகத் தளர்த்தினோம். செய்ய வேண்டியது ரொம்பச் சின்ன விஷயம். ஆளைப் பயமுறுத்தாமல் படுக்கவைத்து, எலும்பு முறிந்த காலுக்குக் கட்டுவது மாதிரி மட்டையை வைத்து அசையாமல் லேசாகக் கட்டி, நேராக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவர வேண்டும். அவ்வளவுதான்.

"அது சினிமாடி, கொஞ்சம் விட்டுக்கொடு" என்பாய். காலேஜில் இருந்தே இதைத்தான் சொல்கிறாய். நானும் விட்டுக்கொடுக்கிறவள்தான். ஒரே அடியில் 20 பேர் பறந்தால் உன்னோடு சேர்ந்து விசில் அடித்தவள் நான். பறக்கிறவனைப் பார்த்து வீட்டுக்குப் போய் யாரும் பறந்து பார்ப்பதில்லை, அது கதை என்று குழந்தைக்கும் தெரியும். ஆனால் பாம்பு கடித்தால் என்ன செய்வது, மூச்சு நின்றால் என்ன செய்வது என்பதை ஜனங்கள் கதையாகப் பார்ப்பதில்லை. பாடமாக எடுத்துக்கொள்கிறார்கள். அதை அவர்களுக்கு வேறு யாரும் சொல்லித்தருவதும் இல்லை. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியில் சுமார் 12 லட்சம் பேர் செத்திருப்பார்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். வருஷத்துக்கு 58,000 பேர். பெரும்பாலும் நம் ஊர் மாதிரி கிராமத்து ஜனங்கள்தான்.

உண்மையில் என்ன நடக்கிறது என்று எழுதுகிறேன், கேள். நீங்கள் யாரும் இன்னும் எடுக்காத காட்சி அது. வந்தவுடன் ரத்தம் எடுத்து ஒரு புதுக் கண்ணாடிக் குழாயில் விடுவோம். பிளாஸ்டிக் ஆகாது, சோப்புப் போட்டுக் கழுவியதும் ஆகாது. அதை அசைக்காமல் 20 நிமிடம் நிற்கவைக்க வேண்டும். இருபது நிமிடமும் யாரும் தொடக்கூடாது, ஆட்டிப் பார்க்கக்கூடாது. பிறகு ஒரே ஒரு தடவை சாய்த்துப் பார்ப்போம். உறைந்து நின்றால் நிம்மதி. தண்ணீர் மாதிரி ஓடினால் விஷம் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

அன்றைக்கு அந்த மேஜையைச் சுற்றி அவன் அம்மா, அப்பா, பைக் ஓட்டிவந்தவர், வாயோரத்தில் ரத்தம் காய்ந்துபோன அந்தச் சின்னப் பையன், எல்லோரும் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மேலே மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் எவ்வளவு நேரம்மா?" என்று நாலு தடவை கேட்டார். நேரம் முடிந்து டாக்டர் குழாயைச் சாய்த்தார். ஓடியது.

உடனே பத்து குப்பி விஷமுறிவு மருந்து கலந்து ஏற்றினோம். குழந்தைக்கும் பெரியவர்களுக்கும் ஒரே அளவுதான், தெரியுமா? பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைத்துக்கொள்வதில்லையே. குதிரை ரத்தத்திலிருந்து எடுக்கிற மருந்து என்பதால் சிலருக்கு உடம்பு ஒத்துக்கொள்ளாது. பக்கத்திலேயே அட்ரினலின் ஊசியை வைத்துக்கொண்டு முகத்தையே பார்த்தபடி நிற்க வேண்டும்.

அப்புறம் இன்னொன்று. உங்கள் படங்களில் எப்போதும் படமெடுத்து ஆடுகிற நல்ல பாம்புதான். கண்ணாடி விரியன் குக்கர் மாதிரி சீறும், படமெடுக்காது. கட்டுவிரியன் ராத்திரியில் தரையில் படுத்திருக்கிறவர்களைக் கடித்துவிட்டுப் போய்விடும். பல பேருக்குக் கடித்ததே தெரியாது, தடமும் சரியாக இருக்காது. விடியற்காலையில் வயிற்று வலி என்று எழுந்திருப்பார்கள், கொஞ்ச நேரத்தில் இமை தூக்க முடியாது. பயமுறுத்தும் காட்சி வேண்டுமென்றால் இதைவிட என்ன வேண்டும் உனக்கு?

'ஜெய் பீம்' பார்த்துவிட்டு நாம் போனில் பேசிக்கொண்டே இருந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? பெரிய வீட்டில் பாம்பு பிடிக்க இருளர் ஒருவரைக் கூப்பிடுகிற காட்சி. அதில் இருந்த நிதானத்தைத்தான் நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் படித்தேன், படத்துக்கு அடிப்படையான, 1993இல் காவல் நிலையத்தில் நடந்த அந்த நிஜ வழக்கில் பாதிக்கப்பட்டவர்கள் குறவர்கள், படத்தில்தான் இருளர்கள் என்று மாற்றியிருக்கிறார்கள். அந்தப் படம் செய்த நல்லதை நான் மறுக்கவில்லை, காவல் நிலைய அடியை அப்படிக் காட்ட ஒரு துணிச்சல் வேண்டும். ஆனால் இன்று யாரைக் கேட்டாலும் அது இருளர்களுக்கு நடந்தது என்றுதான் சொல்கிறார்கள். உண்மையில் அடிபட்ட குடும்பத்தின் அடையாளம் கதைக்குள் காணாமல் போய்விட்டது. நன்றாக எடுக்கிற படத்துக்குத்தான் இந்தப் பொறுப்பு அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. மோசமான படத்தை யார் நம்பப்போகிறார்கள்? நீ நன்றாக எடுப்பாய், அதனால்தான் உன்னிடம் இவ்வளவு மன்றாடுகிறேன்.

இருளர்களைப் பற்றி எடுக்க வேண்டுமென்றால் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலிக்குப் போய்ப் பார். அவர்களுடைய பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978இலிருந்து இருக்கிறது. பாம்பைப் பிடித்துவந்து, குடுவை விளிம்பில் கடிக்கவைத்து விஷத்தை எடுத்துக்கொண்டு, திரும்பக் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். நாட்டில் விஷமுறிவு மருந்து செய்யத் தேவைப்படுகிற விஷத்தில் பெரும்பங்கு அங்கிருந்துதான் போகிறது. 2023இல் அவர்களில் இரண்டு பேருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அன்று ராத்திரி நான் மாட்டிய குப்பிகளும் அவர்கள் கையில் ஆரம்பித்தவையாக இருக்கலாம்.

பையனை அன்றிரவே மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினோம். விஷம் சிறுநீரகத்தையும் பாதித்துவிட்டது, மூன்று தடவை டயாலிசிஸ் செய்தார்கள். நேற்றுத்தான் சிறுநீர் சரியாகப் போக ஆரம்பித்திருக்கிறது. காலில் கீறிய இடத்தில் தோல் ஒட்டுவைக்க வேண்டுமாம்.

வண்டி கிளம்பும்போது சின்னவன் என்னிடம் வந்து, "நான் பண்ணது சரிதானே சிஸ்டர்?" என்று கேட்டான். என்ன சொல்வேன்? "நேரத்தோட கொண்டுவந்தே பாரு, அதான் அவனைக் காப்பாத்துச்சு" என்றேன். அது பொய்யில்லை. ஆனால் அவன் கேட்டது அதை இல்லை என்று எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். சட்டையைக் கழற்றச் சொல்லி நானே குழாயடியில் அலசிக் கொடுத்தேன். கறை முழுதாகப் போகவில்லை.

அந்தக் காட்சியை மாற்றடி. கட்டும் வேண்டாம், பிளேடும் வேண்டாம். உன் கதாநாயகன் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடிவரட்டும், கண்ணாடிக் குழாய்க்கு முன்னால் நிற்கட்டும். 20 நிமிடத்தை இரண்டு நிமிடமாகச் சுருக்கிக்கொள், எனக்குச் சம்மதம். பின்னணி இசை மட்டும் போடாதே. பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது ஒருநாள் டாக்டரிடம் கேட்டு எல்லாவற்றையும் உனக்குக் காட்டச் சொல்கிறேன். அத்தைக்கு நீ போனமுறை வாங்கிவந்த அந்தத் தைலம் தீர்ந்துவிட்டது, மறக்காதே.

திருத்தி அனுப்பு. இந்தமுறை அன்றைக்கே பதில் போடுவேன்.

உன்
சுந்தரி