'கப்பெல்லினி' நீர்மூழ்கியின் வரலாறு: நூல் வெளியீட்டுக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

இரண்டாம் உலகப் போரில் இத்தாலியக் கடற்படையில் பணியாற்றிய 'கொமாந்தாந்தே கப்பெல்லினி' என்னும் நீர்மூழ்கிக் கப்பலின் வரலாற்றைத் தமிழில் நூலாகக் கொண்டுவர எங்கள் குழு முயன்று வருகிறது. எழுத்துப் பணி முடிந்துவிட்டது. படங்களுக்கும் அச்சுக்கும் பணம் வேண்டும்.

1940 அக்டோபரில், சால்வதோரே டொடாரோவின் தலைமையில் அட்லாண்டிக்கில் சென்ற இக்கப்பல், 'கபாலோ' என்ற பெல்ஜியச் சரக்குக் கப்பலைப் பீரங்கியால் சுட்டு மூழ்கடித்தது. பிறகு, தத்தளித்தவர்களின் படகைக் கயிறு கட்டி இழுத்துச் சென்றது. கயிறு அறுந்தது, மீண்டும் கட்டினார்கள், மீண்டும் அறுந்தது. இறுதியில் அவர்களைத் தம் கப்பலிலேயே ஏற்றிக்கொண்டு, எதிரி கண்டால் தப்ப வழியில்லை என்று தெரிந்தும் நீரில் மூழ்காமல் ஓட்டிச் சென்ற டொடாரோ, 26 பேரையும் அசோர்ஸ் தீவுகளில் ஒன்றான சாந்தா மரியாவில் கரையிறக்கினார். கொல்லவும் காக்கவும் ஒரே கை துணிந்ததை எப்படிப் புரிந்துகொள்வது என்பதே நூலின் மையக் கேள்வி. முசோலினியின் அரசுக்காகப் போரிட்ட கப்பல் இது என்பதை நூல் எங்கும் பூசி மெழுகவில்லை.

1943 மே மாதம் சரக்குக் கப்பலாக மாற்றப்பட்டு பிரான்சின் போர்தோவிலிருந்து புறப்பட்ட கப்பெல்லினி, நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, இந்தியப் பெருங்கடலைக் கடந்து, ஜூலையில் சுமத்திராவுக்கு வடக்கேயுள்ள சபாங்கையும் பிறகு சிங்கப்பூரையும் அடைந்தது. செப்டம்பரில் இத்தாலி சரணடைந்ததும் ஜப்பானியர் அதைக் கைப்பற்றி ஜெர்மானியரிடம் ஒப்படைக்க, அது 'யு.ஐ.டி.-24' ஆயிற்று, 1945 மே மாதம் ஜெர்மனியும் வீழ்ந்தபின் ஜப்பானியக் கடற்படையில் 'ஐ-503' ஆயிற்று. மூன்று கொடிகளின் கீழும் இத்தாலிய மாலுமிகள் சிலர் அதே கப்பலில் வேலை செய்தார்கள் என்பது எங்களை இன்றும் வியக்க வைக்கிறது. 1946-இல் அமெரிக்கர்கள் அதை ஜப்பான் கடற்கரைக்கு அப்பால் மூழ்கடித்தனர்.

நூல் 160 பக்கங்கள், 500 படிகள். பயணப் பாதை வரைபடங்களைப் புதிதாக வரையவும், பழைய புகைப்படங்களின் உரிமைக் கட்டணம் செலுத்தவும், தாள், அச்சு, நூற்கட்டுக்கும் சேர்த்து 95,000 ரூபாய் ஆகும் என மதிப்பிட்டுள்ளோம். முதல் வரைபடத்தில் நாங்களே சபாங்கை மலாயாக் கரையில் குறித்துவிட்டோம்; அந்தப் பிழையே தேர்ந்த வரைபடக் கலைஞரை அமர்த்தத் தூண்டியது.

தொகை எவ்வளவு சிறிதாயினும் ஏற்றுக்கொள்வோம். 1,000 ரூபாய்க்கு மேல் வழங்குவோருக்கு ஒரு படி அனுப்பப்படும். பெயர் வேண்டாம் என்போர் முன்கூட்டியே தெரிவித்தால் நன்றிப் பக்கத்தில் சேர்க்க மாட்டோம். வங்கிக் கணக்கு விவரத்தைப் பொருளாளரிடம் கேட்டுப் பெறலாம். அச்சுக்குப் போகும் முன் வரவு செலவுக் கணக்கு நன்கொடையாளர் அனைவருக்கும் அனுப்பப்படும்.

இப்படிக்கு,
நூல் வெளியீட்டுக் குழுவினர்