பழைய கிராமச் சித்திரங்களில் முதலில் தொலைவது மெல்லிய கோடு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பொங்கல் நெருங்கிவிட்டால் பழைய வார இதழ்க் கதைகளுக்கு வரைந்த கிராமச் சித்திரங்கள் நம் கைப்பேசிகளில் உலா வரத் தொடங்கிவிடும். திண்ணை, வண்டிப்பாதை, உரலடியில் பெண்கள், மாடு பூட்டிக் கிணற்று நீரைக் கமலையில் இறைப்பவர். நம் சிங்கப்பூர் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒட்டும் சுவரொட்டியிலும் அவைதான். ஆசையோடு செய்கிறார்கள், குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் பல கை மாறி வரும் அந்தப் படங்களில் பாதி விவரம் காணாமல் போயிருக்கிறது.

கமலைக் காட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். கமலைக்குக் கயிறு இரண்டு. கனத்த வடம், தண்ணீர் மொள்ளும் பாத்திரமான சாலைத் தூக்கும். மெல்லிய வால்கயிறு, சாலின் அடியில் குழாய்போல் தொங்கும் தோல் தும்பியின் வாயை மடக்கிப் பிடித்திருக்கும். சால் மேலே வந்ததும் தும்பி தொட்டிப் பக்கம் சரிந்து தண்ணீர் கொட்டும். மாடுகள் சரிவில் இறங்கினால் சால் ஏறும், பின்னோக்கி நடந்து மேடேறினால் சால் கிணற்றுக்குள் போகும். தொழில் தெரிந்த ஓவியர் இரண்டு கயிற்றையும் வரைந்திருப்பார். கைப்பேசிக்கு வந்து சேரும் படத்தில் வடம் மட்டும் மிஞ்சும். கணினி வரைந்து தரும் படங்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், மாடு கிணற்றைப் பார்த்து நின்றாலும் வியப்பில்லை.

மெல்லிய கோடு முதலில் போவதற்குக் காரணம் உண்டு. எழுத்து கோத்து அச்சடித்த காலத்தில் இத்தகைய படங்களுக்கு ‘லைன் பிளாக்’ எடுத்தார்கள். ஓவியர் ‘இந்தியன் இங்க்’ என்ற கறுப்பு மையில், அச்சாக வேண்டிய அளவைவிட ஒன்றரை, இரண்டு மடங்கு பெரிதாக வரைவார். அதைச் சுருக்கிப் படம்பிடித்துத் துத்தநாகத் தகட்டில் ஏற்றி நைட்ரிக் அமிலத்தில் அரித்தால் கோடு மேடாக நிற்கும், மற்ற இடம் பள்ளமாகும். அதில் கறுப்பு உண்டு, வெள்ளை உண்டு, சாம்பல் நிறம் கிடையாது. வேப்பமரத்து நிழல் வேண்டுமானால் கோட்டை நெருக்கித்தான் போட வேண்டும். தஞ்சாவூரில் பிறந்து கும்பகோணத்தில் ஓவியம் பயின்ற கோபுலுவின் படங்களிலும், பின்னாளில் கி. ராஜநாராயணனின் கரிசல் எழுத்துக்கு ஓவியர் ஆதிமூலம் தந்த படங்களிலும் கண் நிற்பது இந்தக் கோட்டில்தான். வண்ணம் பூசிப் ‘புதுப்பிக்கிறவர்கள்’ இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

அப்படிச் சுருங்கி அச்சான கோடு சில இடங்களில் 0.1 மில்லிமீட்டர்தான் இருக்கும். அங்குலத்துக்கு 150 புள்ளி வைத்து ஸ்கேன் செய்தால் ஒரு புள்ளியே 0.17 மில்லிமீட்டர். கோடு அதற்குள் கரைந்துவிடும். 600 வைத்தால் புள்ளி 0.04 மில்லிமீட்டர், கோட்டுக்கு இரண்டு புள்ளியாவது விழும். ஆகவே 600க்குக் குறைக்க வேண்டாம். கறுப்பு வெள்ளைப் படமானாலும் முழு வண்ணத்தில் எடுங்கள். பிறகு படத்திருத்தச் செயலியில் சிவப்பு அலைவரிசையை (ரெட் சேனல்) மட்டும் பிரித்தெடுத்தால் காகிதத்தின் பழுப்பு வெளுத்துக் கோடு தனித்து நிற்கும். (பழுப்புதான் அழகு என்பவர்கள் உண்டு. மலிவுத்தாளின் லிக்னின் வெளிச்சம் பட்டுக் கறுத்தது அது, ஓவியர் போட்டதல்ல.) பின்பக்க எழுத்து தெரிந்தால் தாளுக்கு அடியில் கறுப்புக் காகிதம் வையுங்கள். ‘தானியங்கிச் சீரமைப்பு’ எதுவும் வேண்டாம், அது ஓவியர் வைத்த புள்ளியையும் தாளின் தூசியையும் ஒன்றாகவே துடைக்கும்.

தொடர்கதையை வாரா வாரம் கிழித்துச் சேர்த்துத் தைத்த பைண்டுகள்தான் பெரிய சிக்கல். பக்கவாட்டில் தைத்திருப்பதால் படத்தின் உள்ளோரம் மடிப்புக்குள் புதைந்திருக்கும். அழுத்தி விரித்தால் முதுகு முறியும். மெலிந்த வகை ஸ்கேனர்கள் பெரும்பாலும் தாளை ஒட்டி நின்று படிக்கும் சிஐஎஸ் உணரி கொண்டவை. கண்ணாடியைத் தொடாத பகுதி அவற்றில் மங்கிவிடும். லென்ஸ் வழியே படிக்கும் சிசிடி உணரி உள்ள பழைய கனத்த வகை இதற்கு மேலானது. ஏ5 பக்கம் ஒன்று 600இல், சுருக்காத டிஃப் படக்கோப்பாகச் சுமார் 52 மெகாபைட் வரும். பிறருக்கு அனுப்பும்போது புகைப்படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள், வாட்ஸ்அப் சுருக்காது.

காகிதத்தைக் காப்பது தனிக் கதை. நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். 65ஐத் தாண்டினாலே பூஞ்சை பிடிக்க இடமுண்டு. கேமரா வைக்கும் ஈரம் நீக்கும் பெட்டியை 50இல் வைத்தால் போதும். துருப்பிடித்த பின்னைக் கழற்றுங்கள். செலோடேப் ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யவே செய்யாதீர்கள், திருப்பிப் பிரிக்க முடியாது. ராமபாணப் பூச்சி இருந்தால் காற்றுப் புகாத பையில் கட்டி 2 வாரம் உறைபெட்டியில் வைத்து, எடுத்தபின் ஒரு நாள் பையைத் திறக்காமல் விடுங்கள். உடனே திறந்தால் தாளில் நீர் கோக்கும்.

காப்புரிமையும் நினைவிருக்கட்டும்: இங்குள்ள சட்டப்படி ஓவியர் மறைந்து 70 ஆண்டுவரை உண்டு. வீட்டுக்குப் படி எடுத்து வைப்பது வேறு, சுவரொட்டி அச்சடிப்பது வேறு. மூலையில் இருக்கும் கையொப்பத்தை வெட்டிவிட்டு ஒட்டுவதற்கு எந்தச் சமாதானமும் இல்லை.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். உரிமை பெற்று இத்தகைய படத்தை நாளிதழில் வெளியிட்டால், அதைச் சாம்பல் நிறப் படமாகப் பக்கத்தில் சேர்க்க வேண்டாம். சாம்பல் நிறத்தைப் புள்ளிகளாக மாற்றும் அச்சுத்திரை கோட்டையும் புள்ளி புள்ளியாக உடைத்துவிடும். 1200 புள்ளி அடர்த்தியில் தூய கறுப்பு வெள்ளையாக மாற்றி, மூல அச்சின் அளவிலேயே போடுங்கள். கூடவே ஓவியர் பெயரும் இதழின் தேதியும்.

இப்படிக்கு,
வாசகர், ஈசூன்