அந்த ஹெட்டைத் தொடமாட்டேன்

திருகோணமலை

அன்பின் மச்சான்,

உன் கடிதமும் பெல்ட் பார்சலும் ஒன்றாக வந்து சேர்ந்தன. முழங்கால் ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது என்று வாசித்த பிறகுதான் நிம்மதி. கொஞ்ச நாளைக்குப் படியேறாமல் பேசாமல் இரு. உனக்கு அதைச் சொல்லிப் பிரயோசனமில்லை, இருந்தாலும் சொல்லிவைக்கிறேன். இங்கே கச்சான் காற்று தொடங்கிவிட்டது. பகலில் வெளியே தலைகாட்ட முடியாது. அதனால்தான் மாமாவின் ரேப் ரெக்கோடர் வேலை இவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது.

அந்த ஜெர்மன் மெஷின் உனக்கு ஞாபகம் இருக்குமே, பச்சைக் கண் எரியும், கண்ணாடிக் குழாய் வால்வ் போட்ட செட். சுனாமித் தண்ணீர் வீட்டுக்குள் வந்தபோது அலுமாரிக்கு மேலே இருந்தபடியால் தப்பியது. ஆனால் கடற்காற்று விட்டுவைக்கவில்லை. ஸ்பிரிங், திருகாணி எல்லாம் துரு. பெல்ட்டுகள் உருகிக் கறுப்புப் பசையாகிக் கப்பிகளில் அப்பிக் கிடந்தன. பாமசியில் ஐசோபுரொப்பைல் அல்ககோல் வாங்கிப் பஞ்சுக் குச்சியால் சுரண்டிச் சுரண்டி எடுத்தேன். நகக்கண்ணில் இன்னும் கறுப்புப் போகவில்லை. சோற்றைக் கையால் பிசைய விடமாட்டேன் என்று மனுசி கரண்டியைத் தந்துவிட்டாள்.

நீ அனுப்பிய பெல்ட்டுகள் அளவாக இருக்கின்றன. கப்பிகளைச் சுற்றி நூல் பிடித்து, அந்த நீளத்தில் 5 சதவீதம் குறைத்துச் சொன்னது சரிவந்தது.

கரண்ட் கொடுக்கத்தான் பயம். இத்தனை வருசம் தூங்கிய சாமானை நேரே 230 வோல்ட்டில் செருகக்கூடாது. 100 வாட் குண்டு பல்ப் ஒன்றைத் தொடராகப் போட்டால், உள்ளே எங்காவது ஷோர்ட் இருந்தால் பல்ப் முழு வெளிச்சத்தில் எரியும், மெஷின் தப்பிவிடும். அந்தக் குண்டு பல்ப்பைத் தேடியதுதான் பெரிய கூத்து. எந்தக் கடையிலும் எல்ஈடிதான். கடைசியில் கோழிக்குஞ்சுக்குச் சூடு காட்டுகிற ஒருவரிடம் இரவல் வாங்கினேன். அதற்கு முன்னமே மெழுகுக் காகிதக் கொண்டென்சர்களை மாற்றிவிட்டேன். அவை ஒழுகத் தொடங்கினால் அவுட்புட் வால்வ் அளவுக்கு மீறிச் சூடாகிச் சிவந்துவிடும். வால்வ் போனால் இந்த ஊரில் எங்கே தேட?

சரி, பாட்டுக்கு வருவோம். முதலில் போட்டது பத்திரகாளி அம்மன் கோயில் திருவிழா மேளக்கச்சேரி. நாதஸ்வரம் கேட்கிறது, ஆனால் பின்னால் நிற்கும் சுருதி நேராக நிற்காமல் ஆடுகிறது. மேளச் சத்தத்தில் இந்த ஆட்டம் தெரியாது. சுருதி ஒரே இடத்தில் நிற்க வேண்டியது என்பதால் உடனே பிடித்துவிடலாம். கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன், ஏறக்குறைய வினாடிக்கு ஒருமுறை. ரேப் ஓடுவது வினாடிக்கு 9.5 சென்றிமீற்றர். ரேப்பை அழுத்திப் பிடிக்கிற றப்பர் உருளை 3 சென்றிமீற்றர் விட்டம், அப்படியென்றால் சுற்றளவு 9.4. ஒரு வினாடிக்கு ஒரு சுற்று! கழற்றி வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தேன், ஒரு பக்கத்தில் நகம் பதிந்த அளவு பள்ளம். யாரோ பிளே கட்டையை அமர்த்தியபடியே விட்டிருக்கிறார்கள். வருசக்கணக்காக அந்த ஒரே இடத்தில் இரும்புத் தண்டு அழுத்தியிருக்கிறது. மெல்லிய அரத்தாளில் உருட்டித் தேய்த்ததில் ஆட்டம் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. முழுதாகப் போக புது உருளை வேண்டும்.

இனி நீ எழுதிய புத்திமதி. தெரிந்த டெக்னிசியனிடம் கொடுத்து, அளவு ரேப் (சரியான கோணத்தில் பதிந்த மாதிரி ரேப்) போட்டு, ரேப் உரசி ஓடும் அந்த ஹெட்டை நேராக்கு என்கிறாய். அதற்கு மட்டும் நான் சம்மதிக்கமாட்டேன். இந்த ஹெட் கொஞ்சம் கோணல், எனக்கும் தெரியும். ஆனால் பதிந்ததும் இதே ஹெட், வாசிப்பதும் இதே ஹெட். மாமா பதிந்த ரேப் எல்லாவற்றிலும் அதே கோணல் ஏறியிருக்கிறது. இப்போது நேராக்கினால் கடையில் வாங்கிய ரேப் நன்றாகக் கேட்கும், எங்கள் ரேப்புகள் மூக்கடைத்துப் போகும். தாளத்தின் கணீரும் பேச்சில் வரும் ‘ச’, ‘ஸ’ எழுத்துகளும்தான் முதலில் சாகும். இது இரண்டு ட்ராக் மெஷின், ரேப்பில் சத்தம் பதியும் பட்டையான ட்ராக் அகலம் கூட, சின்னக் கோணலுக்கே சத்தம் மழுங்கும். எங்களிடம் கடை ரேப் ஒன்றுகூட இல்லையே, யாருக்காக நேராக்க? கெட்டிக்காரன் வேறு மெஷினிலும் ரேப்புக்கு ஏற்றபடி ஹெட்டைச் சாய்த்து எடுப்பான், அதை மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு ரேப்புக்கும் அப்படிக் காது கொடுத்து உட்காரும் ஆளை எனக்குத் தெரியாது. பார்வைக்கு மினுக்கும் எண்ணமும் இல்லை. முகப்பில் கீறல் கிடந்தால் கிடக்கட்டும்.

ரேப்புகளின் நிலைமை கலவை. சுருளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் சிலது ஊடே தெரிகிறது. அது அசெற்றேற்று என்ற பழைய பிளாஸ்ரிக் வகை, இழுத்தால் பட்டென்று அறும். ஒன்றில் வினாகிரி மணம் வருகிறது, பழுதாகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம், அதைத்தான் முதலில் லப்டொப்பில் ஏற்ற வேண்டும். அறுந்த இடங்களில் யாரோ சாதாரண செலோரேப் ஒட்டியிருக்கிறார்கள். அந்தப் பசை வழிந்து அடுத்த சுற்றையும் பிடித்திருக்கிறது. பூஞ்சணம் பிடித்ததை முற்றத்தில் வைத்து, காய்ந்த மெல்லிய துணியால் துடைத்துத் துடைத்துச் சுற்றுகிறேன்.

ஒரு ரேப்பில் றேடியோவுக்கு முன்னால் மைக் வைத்துப் பதிந்த பாட்டுகள், நடுவில் நாய் குரைக்கிறது. அறிவிப்பில் ‘இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம்’ என்று வருவதால் 1967க்குப் பிந்தியது. இன்னொன்றில் பள்ளிக்கூடக் கலைவிழா. அதில் ஒரு பெடியன் பேச்சை மறந்துபோய் ‘ஆகவே, ஆகவே’ என்று நிற்கிறான். அது நீதான் என்கிறேன், மனுசி இல்லை என்கிறாள். ஏற்றியதும் அனுப்புகிறேன், நீயே கேட்டுச் சொல்.

மாசியில் வரும்போது ரேப் ஒட்டுவதற்கென்றே விற்கும் ஒட்டுநாடா இரண்டு சுருளும், பழைய ஜெர்மன் செட்டின் ‘DIN’ என்கிற வட்டச் சொக்கட்டை லப்டொப்போடு இணைக்கும் வயர் ஒன்றும் கொண்டு வா. உருளையின் அளவைத் தனியாக எழுதி வைத்திருக்கிறேன், அங்கே கிடைக்குமா என்று விசாரி. சொக்லேட் வேண்டாம், எங்கள் இரண்டு பேருக்கும் சீனி கூட.

அன்புடன்,
உன் மச்சான்