நடுவர் நாற்காலியும் ஒரு ஓட்டும்: அமெரிக்க செனட்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய செனட்டர்களே,

2021 பிப்ரவரி 13-ஐக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். டொனால்ட் ட்ரம்ப் மீதான இரண்டாவது பதவிநீக்க விசாரணையின் கடைசி நாள். ஒவ்வொரு செனட்டராகப் பெயர் சொல்லி அழைத்து ஓட்டு கேட்கிறார்கள். பாட்ரிக் லேஹியின் முறையும் வருகிறது. ‘குற்றவாளி’ என்கிறார். அந்த விசாரணைக்குத் தலைமை வகித்தவரே அவர்தான்.

கணக்கு 57-43. தண்டிக்க 67 வேண்டும், அதனால் அவருடைய ஓட்டு முடிவை மாற்றவில்லை. சரி. ஆனால் 66 பேர் ‘குற்றவாளி’ என்று சொல்லி, அவருடையது 67-ஆவதாக விழுந்திருந்தால்? ட்ரம்ப்பைப் பிடிக்காதவர்கள்கூட அந்தத் தீர்ப்பைப் பற்றி வாய் திறக்கக் கூசியிருப்பார்கள்.

அது சட்டவிரோதம் என்று நான் சொல்ல வரவில்லை. அதிபர் விசாரிக்கப்படும்போது உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி தலைமை வகிக்க வேண்டும் என்கிறது அரசியல் சாசனம். வழக்கமாக உங்கள் அவைக்குத் தலைவர் துணை அதிபர். அதிபரை நீக்கினால் அந்தப் பதவி அவருக்கே போகும் என்பதால்தான் இந்த ஏற்பாடு. பிரதிநிதிகள் சபை குற்றம் சாட்டியபோது ட்ரம்ப் அதிபர். உங்கள் முன் விசாரணை தொடங்கியபோது முன்னாள் அதிபர். தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் வரவில்லை, அவையின் தற்காலிகத் தலைவரான லேஹி அமர்ந்தார். சாசனத்தின் எழுத்து மீறப்படவில்லை. ஆனால் அந்த எழுத்துக்குப் பின்னால் இருந்த கவலை என்ன ஆயிற்று?

லேஹியையும் குறை சொல்வதற்கில்லை. மாநிலத்துக்கு இரண்டே செனட்டர்கள். அவர் ஓட்டுப் போடாமல் இருந்தால் அவருடைய மாநிலமான வெர்மான்ட் மக்களின் குரலில் பாதி போய்விடும். அவர் மாட்டிக்கொண்டது நீங்கள் அடைக்காமல் விட்ட ஓட்டையில்.

விசாரணைக்குத் தலைமை வகிப்பவர் நடைமுறை பற்றிச் சொல்லும் முடிவைப் பெரும்பான்மை ஓட்டால் மாற்றிவிடலாமே, நாற்காலிக்கு அப்படி என்ன அதிகாரம் என்று நீங்கள் கேட்கலாம். 1868-இல் அன்றைய அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் மீதான விசாரணையில் தலைமை நீதிபதி சேஸ், நடைமுறை விஷயங்களில் ஓட்டுகள் சமமாக நின்றபோது தானே ஓட்டளித்து முடித்துவைத்தார். 2020-இல் ட்ரம்ப் மீதான முதல் விசாரணையில் அதே கேள்வி எழுந்தபோது, மக்கள் தேர்ந்தெடுக்காத நான் அதைச் செய்வது முறையல்ல என்று ராபர்ட்ஸ் ஒதுங்கினார். ஒரே நாற்காலி, ஆளுக்கொரு வழக்கம். (அதே 1868-இல் அவையின் தற்காலிகத் தலைவர் பெஞ்சமின் வேட். துணை அதிபர் பதவி காலியாக இருந்ததால் ஜான்சன் போனால் அதிபராக வேண்டியவர் அவர். அவரும் ஓட்டுப் போட்டார், ‘குற்றவாளி’ என்று. ஜான்சன் தப்பியது ஒரே ஒரு ஓட்டில்!)

நீதிமன்றத்துக்குப் போய்ப் பயனில்லை. விசாரணையை எப்படி நடத்துவது என்பது செனட்டின் பாடு என்று 1993-இல் உச்ச நீதிமன்றமே கைகழுவிவிட்டது. ஆக, விதியை எழுத வேண்டியவர்கள் நீங்கள்தான். முன்னாள் அதிபர் என்றாலும் முதலில் தலைமை நீதிபதியை அழையுங்கள். அவர் மறுத்தால், இரு கட்சித் தலைவர்களும் ஒப்புக்கொள்ளும் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரை அமர்த்துங்கள். ஓட்டுகள் சமமானால் என்ன செய்வது என்பதையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.

அப்புறம் இன்னொன்று. துணை அதிபரே விசாரிக்கப்பட்டால் யார் தலைமை என்று சாசனம் சொல்லவே இல்லை. அவையின் தலைவர் அவர்தான் என்பதை மட்டும் தெளிவாகச் சொல்கிறது.

இப்படிக்கு,
அந்த ஓட்டெடுப்பைக் கடைசிவரை பார்த்த ஒருவன்