உலகச் செய்திகளுக்குத் தொடர்ச்சி வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடசென்னையில் உள்ள ஓர் அரசு கலைக் கல்லூரியில் பொருளியல் பயிலும் மாணவி நான். தங்கள் நாளிதழின் உலகச் செய்திப் பக்கத்தைப் பள்ளிப் பருவத்திலிருந்தே வாசித்து வருகிறேன் என்பதால், அந்தப் பக்கத்தைப் பற்றி நெடுநாளாக மனத்தில் இருக்கும் ஒரு குறையைத் தங்கள் பார்வைக்குக் கொண்டுவர விரும்புகிறேன். அங்கே ஒரு நாட்டின் பெயர் திடீரென்று நான்கு பத்தி அகலத்தில் தோன்றுகிறது, ஒரு வாரம் தலைப்பில் இருக்கிறது, பிறகு சொல்லாமல் கொள்ளாமல் மறைந்துவிடுகிறது. அதற்கு முன்பு அங்கே என்ன நடந்தது, அதன் பிறகு என்ன ஆனது, அது எந்த வழியாக நம் வாசல் வரை வருகிறது ஆகிய மூன்றையும் வாசகரே தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. தேடிக்கொள்ளும் வசதியும் பொழுதும் எல்லா வாசகருக்கும் இருப்பதில்லை.

இந்த மூன்றில் கடைசியாகச் சொன்னதை நாளிதழ்கள் செவ்வனே செய்தால் என்ன பயன் விளையும் என்பதை எங்கள் பகுதி ஒருமுறை கண்கூடாகப் பார்த்தது. 2020 ஆகஸ்ட் 4 அன்று லெபனான் தலைநகர் பெய்ரூட்டின் துறைமுகக் கிடங்கில் கிடந்த அம்மோனியம் நைட்ரேட் வெடித்து இருநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். மொசாம்பிக் நாட்டுக்குப் போக வேண்டிய 2,750 டன் சரக்கு அது. ஏற்றி வந்த கப்பல் 2013-இல் பெய்ரூட்டில் முடங்கிப்போனதால் சரக்கு கரையில் இறக்கப்பட்டு, கேட்பாரின்றி ஆண்டுக்கணக்கில் கிடந்தது. அந்தச் செய்தி வெளியான ஓரிரு நாளில், அதே வேதிப்பொருள் ஏறத்தாழ 700 டன் மணலியில் ஒரு கண்டெய்னர் முனையத்தில் இருப்பது தெரியவந்தது. உரிய உரிமம் இல்லாமல் இறக்குமதி செய்யப்பட்டது என்று 2015-இல் சுங்கத்துறை பறிமுதல் செய்த 37 கண்டெய்னர்களில் அது ஐந்து ஆண்டுகளாக அடைந்து கிடந்திருக்கிறது. ஊரடங்குக் காலம் என்பதால் எல்லோரும் வீட்டில்தான் இருந்தோம். அந்தச் சாலையில் நாள்தோறும் போய்வந்த எங்கள் தெரு ஓட்டுநர்கள், எந்த யார்டு, எந்த வரிசை என்று ஒருவரையொருவர் கைப்பேசியில் விசாரித்துக்கொண்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நாளிதழ்களும் தொலைக்காட்சிகளும் விடாமல் கேட்டன. அதிகாரிகள் ஆய்வுக்கு வந்தார்கள். ஆகஸ்ட் 9 முதல் அந்தச் சரக்கு பகுதி பகுதியாக ஐதராபாத்துக்கு அனுப்பப்பட்டது. பெய்ரூட் செய்தியை யாரோ ஒரு செய்தியாளர் மணலியோடு சேர்த்து வாசித்திராவிட்டால் அந்தக் கண்டெய்னர்கள் இன்னும் எத்தனை காலம் அங்கே இருந்திருக்குமோ தெரியாது.

ஆனால் அந்த ஆகஸ்டோடு இரண்டு செய்திகளுமே நின்றுவிட்டன. பெய்ரூட் விசாரணை அரசியல் குறுக்கீட்டால் ஆண்டுக்கணக்கில் முடங்கிக் கிடந்து, 2025 ஜனவரியில்தான் மீண்டும் உயிர்பெற்றது. அதை நான் ஆங்கில நாளிதழ் ஒன்றில் வாசித்துத் தெரிந்துகொண்டேன். கேட்பாரற்ற அபாயகரமான சரக்குகளைக் கணக்கெடுப்பதற்கு நம் துறைமுகங்களில் இப்போது என்ன நடைமுறை இருக்கிறது என்று, அந்த விசாரணைச் செய்தியைச் சாக்காக வைத்தாவது, ஒரு கட்டுரை வந்திருக்கலாம்.

மணலியில் இருக்கும் சுத்திகரிப்பு ஆலையின் கதை இன்னும் வியப்புக்குரியது. சென்னை பெட்ரோலியம் நிறுவனம் 1965-இல் மதராஸ் ரிஃபைனரீஸ் என்ற பெயரில் தொடங்கப்பட்டபோது, இந்திய அரசு, அமெரிக்காவின் அமோகோ நிறுவனம், ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனம் ஆகிய மூன்றும் அதில் பங்காளிகள். அமெரிக்காவும் ஈரானும் ஒரே ஆலையில் கூட்டு வைத்திருந்தன என்று இன்றைக்கு எங்கள் வகுப்பில் சொன்னால் யாரும் எளிதில் நம்ப மாட்டார்கள். அமெரிக்க நிறுவனம் பின்னாளில் விலகிவிட்டது. ஈரானிய அரசு எண்ணெய் நிறுவனத்தின் துணை நிறுவனம் ஒன்று ஏறத்தாழ 15 சதவீதப் பங்கை இன்னமும் வைத்திருக்கிறது, 2019 மே மாதத்துக்குப் பிறகு அமெரிக்கத் தடையின் காரணமாக இந்தியா ஈரானிடமிருந்து கச்சா எண்ணெய் வாங்குவதை நிறுத்திக்கொண்ட பின்பும்கூட. 2025 ஜூன் மாதம் இஸ்ரேலும் ஈரானும் பன்னிரண்டு நாள் மோதிக்கொண்டபோது, ஏவுகணைகளின் வரைபடங்களைப் பக்கம் பக்கமாகப் பார்த்தோம். உலகம் பயன்படுத்தும் எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கு கடந்து செல்லும் ஹோர்முஸ் நீரிணை அடைபட்டால் என்னவாகும் என்றும் வாசித்தோம். அந்த ஈரானுக்கு, திருவொற்றியூரிலிருந்து பேருந்தில் போகக்கூடிய தொலைவில் இருக்கும் ஓர் ஆலையில் பங்கு உண்டு என்பதை ஒரு சிறு பெட்டிச் செய்தியாகவேனும் போட்டிருந்தால், எங்கள் பகுதி வாசகர்கள் அந்தப் போரை வேறு கண்ணோடு வாசித்திருப்பார்கள். அம்மாதம் 23-ஆம் தேதி இரவு வளைகுடா நாடுகள் சில தங்கள் வான்வெளியை மூடியபோது, மண்ணடியில் பிள்ளைகளையும் கணவன்மாரையும் கத்தாருக்கும் துபாய்க்கும் அனுப்பிவிட்டு இருக்கும் குடும்பங்களுக்கு அது வெளிநாட்டுச் செய்தியாகவா இருந்திருக்கும்?

செங்கடல் விவகாரத்தை என் வீட்டிலிருந்தே சொல்லலாம். என் தந்தை துறைமுகத்துக்குக் கண்டெய்னர் ஏற்றிச் செல்லும் டிரெய்லர் லாரி ஓட்டுபவர், நடைக்கணக்கில் கூலி. 2023 நவம்பரில் ஏமன் நாட்டின் ஹூதி படையினர் செங்கடலில் கப்பல்களைத் தாக்கத் தொடங்கிய பிறகு, பெரிய கப்பல் நிறுவனங்கள் சூயஸ் கால்வாயைத் தவிர்த்து, ஆப்பிரிக்காவின் தென்கோடியருகே உள்ள நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு ஐரோப்பாவுக்குப் போயின. பயணம் கூடுதலாகப் பத்து நாள் முதல் இரண்டு வாரம் வரை நீண்டது. சென்னையிலிருந்து மேற்கே போகும் சரக்கில் ஒரு பகுதி கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாற்றப்படுவது வழக்கம் என்பதால், அங்கே நெரிசல் கூடியதும் இங்கே கப்பல் வரும் தேதி நாளுக்கு நாள் மாறியது. சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட் வாயிலுக்கு வெளியே, எண்ணூர் விரைவுச் சாலையோரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, வண்டியின் நிழலில் ஸ்டவ் பற்றவைத்துச் சோறாக்கிக் காத்துக்கொண்டிருந்த ஓட்டுநர்களுக்கு, ‘வெசல் தள்ளிப்போச்சு’ என்ற ஒரு வரித் தகவலைத் தவிர வேறு விளக்கம் கிடைக்கவில்லை. செங்கடலில் தாக்கப்பட்ட கப்பலின் படம் அந்நாள்களில் தங்கள் இதழில் பெரிதாக வந்தது; அதே நாளில் துறைமுகச் சாலை நெரிசல் பற்றிய செய்தி சென்னைப் பக்கத்தில் வந்தது. இரண்டும் பக்கத்தால் பிரிந்து கிடந்தன. தேநீர்க் கடையில் இரண்டையும் வாசித்த என் தந்தை, ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் உறவு உண்டு என்பதைப் பல வாரம் கழித்து ஒரு கப்பல் முகவரின் அலுவலகத்தில்தான் கேட்டறிந்தார்.

வியாசர்பாடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1962-இல் பர்மாவில் (இன்றைய மியான்மரில்) நெ வின் தலைமையில் ராணுவம் ஆட்சியைப் பிடித்து, அடுத்து வந்த ஆண்டுகளில் கடைகளையும் தொழில்களையும் நாட்டுடைமையாக்கியபோது, அங்கே தலைமுறைகளாக வாழ்ந்த தமிழர்கள் கையில் கிடைத்ததோடு கப்பலேறினார்கள். அவர்களில் பலர் குடியமர்ந்த இடங்களில் ஒன்று வியாசர்பாடி. 2025 மார்ச் 28 அன்று மியான்மரில் 7.7 அளவிலான நிலநடுக்கம் ஏற்பட்டு மாண்டலே, சகாயிங் பகுதிகள் தரைமட்டமாயின. மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அன்று மாலை எங்கள் கல்லூரித் தோழிகளோடு வழக்கமாகச் சாப்பிடும் அத்தோ (பர்மிய நூடுல்ஸ்) கடைக்குப் போயிருந்தேன். கடைக்கார அம்மா அவித்த முட்டையைக் கீறி, பொரித்த வெங்காயத்தையும் பூண்டையும் உள்ளே அடைத்துக்கொண்டே, எதிரே சாய்த்து வைத்திருந்த கைப்பேசியில் மீண்டும் மீண்டும் ஒரே காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாங்காக்கில் கட்டிக்கொண்டிருந்த ஓர் உயர்ந்த கட்டடம் சரிந்து விழும் காட்சி அது. ‘மாண்டலேவைக் காட்டவே மாட்டேங்கறாங்களே’ என்று அவர் சொன்னதற்கு எங்களிடம் பதில் இல்லை. மாண்டலேயில் படம் எடுப்பதும் அனுப்புவதும் ஏன் கடினமாக இருந்தன என்றால், 2021 பிப்ரவரி 1 முதல் அந்நாட்டை மீண்டும் ராணுவமே ஆண்டுவந்தது, உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது, இணையம் பல இடங்களில் துண்டிக்கப்பட்டிருந்தது, வெளிநாட்டுச் செய்தியாளர்கள் எளிதில் நுழைய முடியவில்லை. இந்த முன்கதை இல்லாமல் நிலநடுக்கச் செய்தி பாதிச் செய்திதான்.

இவ்வளவும் எங்கள் ஊரோடு தொடர்புடையவை என்பதால், தொடர்பு இருந்தால்தான் செய்தி என்று நான் வாதிடுவதாகத் தாங்கள் கருதிவிடக் கூடாது. அந்த அளவுகோலின் விபரீதத்தைச் சூடானில் பார்த்தோம். 2023 ஏப்ரல் 15 அன்று அந்நாட்டு ராணுவத்துக்கும் ஆர்.எஸ்.எஃப். என்ற துணைப்படைக்கும் இடையே போர் மூண்டபோது, ‘ஆபரேஷன் காவேரி’ மூலம் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் மீட்கப்பட்டதை நம் நாளிதழ்கள் நாள்தோறும் விரிவாக எழுதின. நம்மவர்கள் ஊர் வந்து சேர்ந்ததும் சூடான் பக்கத்தை விட்டே போய்விட்டது. போர் போகவில்லை. ஒரு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வீடிழந்து இடம்பெயர்ந்தார்கள். டார்ஃபூரின் அல் ஃபாஷிர் நகரம் ஓர் ஆண்டுக்கும் மேலாக முற்றுகையில் கிடந்து, 2025 அக்டோபரில் வீழ்ந்து, கூட்டம் கூட்டமாக மக்கள் கொல்லப்பட்ட செய்தி வந்தபோது மறுபடியும் இரண்டு மூன்று நாள் சூடான் தலைப்பில் இடம்பெற்றது. இடையில் கழிந்த இரண்டரை ஆண்டுகளைப் பற்றி ஒரு வரியும் அறியாத வாசகருக்கு அந்தப் படுகொலை வானத்திலிருந்து விழுந்தது போலத்தான் தோன்றும்.

மாணவர்களாகிய நாங்கள் உலக நடப்பை அறிந்துகொள்ளும் வழிகள் இரண்டு. ஒன்று, போட்டித் தேர்வு. கொளத்தூரில் உள்ள முதல்வர் படைப்பகத்திலும் கிளை நூலகங்களிலும் காலையிலேயே இடம்பிடித்து அமரும் என் வயதினர், நடப்பு நிகழ்வுகள் தொகுப்பை வரி வரியாக மனப்பாடம் செய்கிறார்கள். நேட்டோவில் முப்பத்திரண்டாவதாகச் சேர்ந்த நாடு எது என்றால் ஸ்வீடன்; 2025 ஜனவரியில் பிரிக்ஸ் அமைப்பில் உறுப்பினரான நாடு எது என்றால் இந்தோனேசியா. இருநூறு ஆண்டுகளாக எந்தப் போரிலும் சேராமல் இருந்த ஸ்வீடன் ஏன் திடீரென்று ஒரு ராணுவக் கூட்டணிக்குள் போனது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் மதிப்பெண்ணும் இல்லை. வேலை தேடும் பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மற்றொன்று, கைப்பேசி. ‘ஆர்மா 3’ என்ற கணினி விளையாட்டின் காட்சிகள் உக்ரைன் போர்க் காட்சிகள் என்று உலகெங்கும் பரவின. எங்கள் வகுப்புக் குழுவுக்கும் அவை வந்தன. மறுத்துச் சொல்ல வேண்டுமானால் எதை எடுத்துக்காட்டுவது? மூன்று பத்தியில் முடிந்துவிட்ட நாளிதழ்ச் செய்தியில் அதற்குப் போதுமான செய்தி இல்லை. காஸாவில் இத்தனை பேர் பலி, உக்ரைனில் இத்தனை பேர் பலி என்று தலைப்பு மட்டும் நினைவில் நிற்கிறது. அந்த எண்ணைச் சொன்னது யார், எதிர்த்தரப்பு அதை ஏற்கிறதா என்ற விவரம் பல நாள் செய்தியில் இருப்பதில்லை. ஒரு வரி கூடுதலாக எழுதினால் போதும்.

தாள் விலையும் இடப்பற்றாக்குறையும் நாளிதழ்களை எப்படி நெருக்குகின்றன என்பதை அறிவேன். வெளிநாட்டுச் செய்திகள் பெரும்பாலும் முகமைகளிலிருந்து வருபவை என்பதால், அன்றன்றைக்கு வந்ததைத்தான் போட முடியும் என்பதும் நியாயமே. எனவே தனிச் செய்தியாளர்களை வெளிநாடுகளுக்கு அனுப்புங்கள் என்று கேட்கவில்லை. வாரத்தில் ஒரு நாள், ஏதேனும் ஒரு நாட்டை எடுத்துக்கொண்டு, தங்கள் இதழில் அதைப் பற்றிக் கடைசியாகச் செய்தி வந்தது எப்போது, அதன் பிறகு நடந்தவை என்ன என்று அரைப் பக்கத்தில் எழுதினால், அதோடு ஊர்ப்பெயர்கள் தெளிவாகத் தெரியும் ஒரு வரைபடத்தையும் சேர்த்தால், எங்களைப் போன்றவர்களுக்குப் பேருதவியாக இருக்கும். யாங்கூனிலும் கொழும்பிலும் தோஹாவிலும் வாழும் தமிழர்களில் எழுதக்கூடியவர்கள் நிச்சயம் இருப்பார்கள். அவர்களிடம் கேட்டு வாங்குவதற்கு முகமைக் கட்டணமும் தேவைப்படாது.

இதற்கான பழைய செய்திகளைத் தேதி வாரியாகத் தொகுக்கும் வேலையை எங்கள் துறை மாணவர்கள் சிலர் ஊதியமின்றிச் செய்துதர ஆயத்தமாக இருக்கிறோம். சனிக்கிழமைகளில் தங்கள் அலுவலகத்தின் ஆவணப் பிரிவில் அமர்ந்து பழைய இதழ்களைப் பார்க்க அனுமதி கிடைத்தால், துறைத் தலைவரின் கடிதத்தோடு வந்து சேர்வோம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
பொருளியல் மூன்றாம் ஆண்டு மாணவி,
தண்டையார்பேட்டை, சென்னை.